ரொட்டிக்கடைப் பக்கத்துச் சரிவு

ஜம்மு,
14 நவம்பர் 1976

திரு. சைஃபுத்தீன் லோன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அரசுச் செயலகம் முழுவதோடும் தர்பார் வழக்கம்போல் குளிர்காலத்துக்காக ஸ்ரீநகரிலிருந்து இங்கே இறங்கிவிட்டது. சட்டத்துறையின் கோப்புகள் அலமாரிக்குள் போவதற்கு முன்பே, நம் தெருவில் குடியிருக்கும், சில நாள் தாமதமாக இங்கே வந்து சேர்ந்த குமாஸ்தா ஒருவர் என் மேசையருகே நின்று ஒரு செய்தி சொன்னார். அவர் சொன்னபடியே தருகிறேன்: "சாப், உங்க வீடு ஒரு பக்கம் பளபளன்னு மின்னுது, இன்னொரு பக்கம் பழசாவே கெடக்கு. பாதித் தலைக்குத் தொப்பி வெச்ச மாதிரி." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தாங்கள் அறிந்ததே எனினும், தெளிவுக்காகக் குறிப்பிடுகிறேன். என் தந்தையார் மறைவுக்குப் பின் எழுதப்பட்ட பாகப் பத்திரத்தின்படி, தெருவைப் பார்த்த முன்பகுதி எனக்கும், ஆற்றைப் பார்த்த பின்பகுதி என் தங்கையும் தங்கள் மனைவியுமான தாஜாவுக்கும் உரியவை. கூரையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்திரம் பேசாத இடத்தில் இருவரின் ஒப்புதலும் தேவை என்பதே முறை. வசந்தத்தில் நான் திரும்பியபின் முடிவெடுக்கலாம் என்று கிளம்பும்போது சொல்லியிருந்தேன். நான் வந்து இரண்டு வாரம் ஆவதற்குள், பின்சரிவில் பழைய மர ஓடுகளைப் பிரித்துவிட்டுத் தகரம் வேய்ந்திருக்கிறீர்கள்.

நடந்ததை இப்போதைக்கு விடுகிறேன். ஆனால் முன்சரிவில் என் எழுத்துபூர்வமான அனுமதியின்றி எவரும் கால் வைக்கவோ, ஓர் ஓட்டை அசைக்கவோ கூடாது. முன்பகுதியின் சாவி என்னிடம் இருக்கிறது. தகரம் முகட்டில் எவ்வாறு முடிகிறது, மடித்திருக்கிறதா, வெட்டி விட்டிருக்கிறதா என்பதைத் தெரிவிக்கவும்.

தாஜாவுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
அப்துல் கயூம் நக்காஷ்


ஃபத்தே கதல், ஸ்ரீநகர்,
24 நவம்பர் 1976

மதிப்பிற்குரிய கயூம் சாப் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தைத் தாஜாவுக்குப் படித்துக் காட்டினேன். "திரு. சைஃபுத்தீன் லோன்" என்ற இடத்திலேயே அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "யாருக்கு எழுதியிருக்காரு? நம்ம வீட்டுக்கா, கோர்ட்டுக் கச்சேரிக்கா?" என்றாள்.

முகட்டைப் பற்றிக் கேட்டீர்கள். தகரம் முகட்டின் உச்சியில், நூல் பிடித்த மாதிரி முடிகிறது. உங்கள் பக்கம் ஒரு விரல் அகலம்கூட வரவில்லை. நானே ஏறிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் நாங்கள் எப்படிப் படுத்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஜம்முவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தீர்கள். மேல்மாடி அறையில் மூன்று இடத்தில் ஒழுகியது. தாஜா இரவில் எழுந்து பாத்திரத்தை நகர்த்துவாள், திரும்பவும் படுப்பாள். இரண்டு பக்கமும் தகரம் போடலாம் என்று மூன்று கோடையாக உங்களிடம் கேட்டேன். முதல் கோடையில் "பார்க்கலாம்." இரண்டாவது கோடையில் "யோசிக்க வேண்டியிருக்கிறது." மூன்றாவது கோடையில் நீங்கள் பதிலே சொல்லவில்லை, தேநீரை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டீர்கள். தச்சர் சொன்னார், "ரெண்டு பக்கமும் ஒண்ணா போடுங்க மாஸ்டர்ஜி, பாதி வேலை செஞ்சா எனக்கே கேவலம்." அவருக்கு வேலை பெரிதானால் லாபம், அதனால் நான் காதில் வாங்கவில்லை. உங்கள் பக்கத்தைத் தொட எனக்கு என்ன உரிமை?

மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கு ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்குக் கீழே ரொட்டிக்கடை வைத்திருக்கிறானே ரம்ஸான், நீங்கள் ஜம்முவுக்குக் கிளம்பிய மறுநாள் அவன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "மாஸ்டர்ஜி, கூரை போட மச்சான் உத்தரவு குடுத்தாச்சா, இல்ல இன்னும் கோப்பு மேல போயிட்டிருக்கா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளே தச்சரை வரச் சொன்னேன். உண்மை இதுதான்.

தாஜா உங்களுக்குக் காய்ந்த கத்தரிக்காய் அனுப்பச் சொன்னாள். பஸ் டிரைவர் மூலம் அனுப்பியிருக்கிறேன். அது அவளுடையது, என்னுடையதல்ல.

சைஃபுத்தீன்


ஜம்மு,
4 டிசம்பர் 1976

அன்புள்ள சைஃபுத்தீன்,

கத்தரிக்காய் கிடைத்தது. தாஜாவுக்கு நன்றி.

ஒழுகியது குறித்து எனக்கு வருத்தம் உண்டு. நான் பதில் சொல்லாமல் எழுந்து சென்றதாக எழுதியிருந்தீர்கள், அது சரிதான். முன்சரிவில் தகரம் கூடாது என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுத்தில் வைக்க நான் விரும்பவில்லை. நேரில் சொல்கிறேன்.

அதுவரை செய்யவேண்டியவை: பனி தகரத்திலிருந்து மொத்தமாகச் சரியும். ஆகவே கொல்லைப்புறத்தில் கூரை விளிம்பின் கீழ் யாரும் நிற்க வேண்டாம். தாஜா துணி உலர்த்தும் கயிற்றை வேலியோரம் மாற்றுங்கள். குழாயடிக்குப் போகும் வழியையும் சுவரை விட்டு விலக்கி வையுங்கள். தகரத்தின் ஆணித்தலைகளைக் கடுங்குளிர் தொடங்குமுன் ஒருமுறை பாருங்கள்.

கயூம்


ஸ்ரீநகர்,
28 டிசம்பர் 1976

கயூம் சாப் அவர்களுக்கு,

கடுங்குளிரின் நாற்பது நாள் தொடங்கிவிட்டது, முதல் பெரிய பனியும் விழுந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. நான் உப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம். வீடே ஒரு குலுக்குக் குலுங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், பின்சரிவில் ஒரு பொட்டுப் பனி இல்லை, தகரம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறது, கொல்லைப்புறத்தில் மலை! தாஜா கைதட்டிச் சிரித்தாள். "இத்தனை வருஷமா இதுக்காடி ராத்திரி ராத்திரி பாத்திரம் நகர்த்தினே!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கயிற்றை முன்பே மாற்றியிருந்தோம். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

இந்தக் குளிரில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சரிவோ கம்பளி போர்த்திய கிழட்டு எருமை மாதிரி அத்தனை பனியையும் சுமந்துகொண்டு நிற்கிறது. யாரும் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. நான் கால் வைக்கவில்லை. இன்னும் இரண்டு பனி விழுந்தால் கூரை ஜன்னலை மறைத்துவிடும் போலிருக்கிறது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. மேல்மாடி அறைக் கதவு இரண்டு மூன்று நாளாகப் பிடிக்கிறது, தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. ஈரத்தில் மரம் ஊறியிருக்கும் என்கிறாள் தாஜா.

சைஃபுத்தீன்


ஜம்மு,
3 ஜனவரி 1977

அன்புள்ள சைஃபுத்தீன்,

கீழ்க்கண்டவற்றுக்கு இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதவும்.

மேல்மாடிக் கதவு பிடிக்கத் தொடங்கியது, பின்சரிவில் பனி சரிவதற்கு முன்பா, பின்பா? கதவு பிடிப்பது மேல் மூலையிலா, கீழ் மூலையிலா? கீல் இருக்கும் பக்கமா, தாழ்ப்பாள் பக்கமா? நம் இரு பகுதிகளுக்கும் பொதுவான பக்கச் சுவரின் பூச்சில் புதிதாக வெடிப்பு தெரிகிறதா? தெரிந்தால், அது எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது? முகட்டு உத்திரத்தில் சத்தம் கேட்கிறதா, கேட்டால் பகலிலா, உறைபனி இறுகும் நேரத்திலா? தாஜா எந்த அறையில் உறங்குகிறாள்?

எதையும் ஊகித்து எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் ரெய்னா பொதுப்பணித் துறைப் பொறியாளர். உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு பக்கம் காலி, ஒரு பக்கம் சுமையா? யாருய்யா இந்த யோசனை குடுத்தது?" என்றார். யாரும் கொடுக்கவில்லை, இருவரின் பிடிவாதமும் சேர்ந்து கொடுத்தது என்றேன்.

முன்பகுதிச் சாவியைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன்.

கயூம்


ஸ்ரீநகர்,
8 ஜனவரி 1977

கயூம் சாப்,

உங்கள் கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்கிறேன், கூண்டில் நிற்கிற சாட்சி மாதிரி.

கதவு பிடித்தது பனி சரிந்த பிறகு. மேல் மூலை. தாழ்ப்பாள் பக்கம். பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறது, நேற்றுத்தான் பார்த்தேன், கீழே உங்கள் பக்கத்தில் தொடங்கி மேலே எங்கள் பக்கமாகச் சாய்ந்து போகிறது. விரல்நகம் நுழையும். உத்திரத்தில் சத்தம் இருட்டிய பிறகு கேட்கிறது, யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. இடையில் இன்னொரு பனி விழுந்தது. தகரம் மறுபடியும் உதறிவிட்டது. உங்கள் பக்கம் உதறவில்லை.

தாஜா மேல்மாடி அறையில்தான் உறங்குகிறாள். அங்குதான் இந்த வருடம் ஒழுகவில்லை.

இத்தனை கேட்டீர்கள், கதவைக் கேட்டீர்கள், கீலைக் கேட்டீர்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லையே உங்களுக்கு. கூடப்பிறந்தவள்தானே.

வெடிப்பைப் பார்த்த பிறகு, ஸோபூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னேன். காங்கிரிக் கணப்பை ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பேசினாள். "கூரை விழுமாங்கிற கவலையில நான் கெளம்பிட்டா, ரெண்டு ஆம்பிளைங்களும் ஜெயிச்சீங்க, நான் ஒருத்திதான் தோத்தேன். விழுந்தா என் மேலயே விழட்டும், ரெண்டு பேரும் வந்து எந்தப் பாதி யார் பாதின்னு பிரிச்சு எடுத்துக்குங்க." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களாவது சொல்லுங்கள்.

சாவி வரவில்லை. உங்கள் வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். பூட்டை உடைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் இந்த வீட்டில் இத்தனை வருடம் கேட்காமல் நான் எதையும் திறந்ததில்லை.

வானம் மறுபடி மூடியிருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் பஸ்தான் கடைசி என்கிறார்கள்.

சைஃபுத்தீன்


தந்தி
ஜம்மு, 13 ஜனவரி 1977

பூட்டை உடைக்கவும். முன்பகுதி மாடியில் முகட்டுக்கு முட்டுக் கொடுக்கவும். அதன்பின் முன்சரிவில் பனி தள்ளவும். தாஜா கீழே உறங்கட்டும். கயூம்


ஜம்மு,
13 ஜனவரி 1977

அன்பு சைஃபுத்தீன்,

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பானிஹால் கணவாயில் பாதை மூடிவிட்டது, விமானமும் இல்லை. இந்தக் கடிதம் எப்போது உங்களை அடையும் என்று தெரியாது. சாவியும் அங்கேதான் எங்கோ பனிக்கு அடியில் தபால் மூட்டையில் கிடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாதை திறக்குமா என்று கேட்டேன். டிக்கெட் கொடுப்பவர், "காலையிலயும் நீங்கதானே வந்து கேட்டீங்க பெரியவரே? பனி உங்களுக்குப் பயந்து உருகாது, போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க" என்றார்.

தாஜா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சைஃபுத்தீன், அந்தக் கேள்விகள் அத்தனையும் அது ஒன்றைத்தான் கேட்டன. எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

உங்கள் பதிலை ரெய்னா ஒரு தாளில் வரைந்து காட்டினார். முன்சரிவின் சுமை கூரையை ஆற்றுப் பக்கமாகத் தள்ளுகிறது. பின்சரிவில் எதிர்த்துத் தாங்க எதுவும் இல்லை. ஆகவே முகடு சாய்கிறது. கதவும் சுவரும் அதைத்தான் சொல்கின்றன. மர ஓடாகவே இரண்டு பக்கமும் இருந்திருந்தால் ஒழுகியிருக்கும், சாய்ந்திருக்காது. இரண்டு பக்கமும் தகரமாக இருந்திருந்தாலும் சாய்ந்திருக்காது. "நீங்க ரெண்டு பேரும் சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க, தனித்தனியா" என்றார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எழுத்தில் வைக்க விரும்பவில்லை என்று சொன்ன காரணத்தை இப்போது எழுதுகிறேன். முன்சரிவுக்கு நேர் கீழே ரம்ஸானின் ரொட்டிக்கடை இருக்கிறது. விடிகாலையில் தெருவே அங்கு நிற்கிறது, குழந்தைகள்கூட. முன்சரிவில் தகரம் இருந்து, உங்கள் கொல்லையில் விழுந்தது அங்கே அவர்கள் தலையில் விழுந்தால்? அந்தப் பயம்தான் மூன்று கோடையும் என் வாயை அடைத்தது. அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆபத்தை அறிந்திருந்தேன் என்று எழுதி வைப்பவன், அறிந்தும் தடுக்காதவனாக ஒருநாள் கூண்டில் நிறுத்தப்படலாம் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த எச்சரிக்கை. எழுதாமல் இருந்து பழகியவன், பேசாமலும் இருந்துவிட்டேன். "ரம்ஸானின் கடை" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால், நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

முட்டுக் கொடுக்காமல் பனியைத் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் தள்ளிவிட வேண்டாம். சாய்ந்த கூரை சட்டென்று நிமிர்ந்தாலும் உடையும். தாஜாவைக் கீழே படுக்கச் சொல்லுங்கள். அண்ணன் சொன்னான் என்று சொல்லாதீர்கள், கேட்கமாட்டாள்.

கயூம்


ஸ்ரீநகர்,
21 ஜனவரி 1977

பாய்ஜான்,

கூரை நிற்கிறது. தாஜா நன்றாக இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

தந்திக்காரர் இடுப்பளவு பனியில் வந்து கதவைத் தட்டினார். தந்தி என்றதும் தாஜா முகம் வெளுத்துவிட்டது, உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். "அண்ணன் இவ்வளவு சுருக்கா எழுதி நான் பார்த்ததே இல்ல. நிஜமாவே பயந்திருக்காரு" என்றாள். அதுவரை பயப்படாதவள் அப்போதுதான் பயந்தாள். படுக்கையைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்துவிட்டாள்.

உத்தரவு கையில் இருந்தும் பூட்டின் முன்னால் எனக்குக் கை எழவில்லை. தாஜா கரி உடைக்கும் சுத்தியலை என் கையிலிருந்து பிடுங்கினாள். "தள்ளுங்க. இது எங்க அப்பா வாங்கின பூட்டு, நான் உடைக்கிறேன். உங்க மேல யாரும் கேஸ் போட முடியாது." நாலு அடியில் போய்விட்டது.

ரம்ஸானும் அவன் தம்பியும் வந்தார்கள். வேலிக்கு வைத்திருந்த பாப்ளார் மரக் கம்பங்கள் இரண்டை மாடிக்கு ஏற்றினோம். அடியில் பலகை போட்டு, முகட்டு உத்திரத்தின் கீழ் நிறுத்தி, ஆப்பு அடித்தோம். ஒவ்வோர் அடிக்கும் உத்திரம் முனகியது. ரம்ஸான் ஆப்பு அடித்துக்கொண்டே பேசினான்: "வக்கீல் சாப் மாடிக்குள்ள இன்னிக்குத்தான் வரேன். நாளைக்கு எனக்குச் சம்மன் வருமா மாஸ்டர்ஜி?" "வரும். ரொட்டியோட பதில் சொல்லு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு மாடி ஜன்னல் வழியாக உங்கள் சரிவில் ஏறினேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை ரம்ஸானின் தம்பி கையில். முழங்காலுக்கு மேல் பனி. முதல் வெட்டு வெட்டுவதற்கு முன்னால் கீழே எட்டிப் பார்த்தேன்.

பாய்ஜான், எனக்கு நேர் கீழே தலைகள்.

கம்பளித் தொப்பிகள், முக்காடுகள், பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி கையில் ரொட்டி சுற்றும் துணியோடு. ரொட்டிக்கு நிற்கிறார்கள். ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. தினமும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். ஒரு நாளும் மேலே பார்த்ததில்லை. மண்வெட்டி கையிலேயே நின்றுவிட்டது. இங்கே தகரம் போடு, தகரம் போடு என்று மூன்று கோடை உங்கள் உயிரை எடுத்தேனே!

தாஜாவைக் கூப்பிட்டேன். தெருவில் இறங்கி அவள் போட்ட சத்தம் உங்களுக்கு ஜம்முவிலேயே கேட்டிருக்கும். "எல்லாரும் எதிர்ச் சுவருக்குப் போங்க! ரொட்டி வேணும்னா பொறுத்து நில்லுங்க, தலை வேணும்னா தள்ளி நில்லுங்க!" ஒரு கிழவர் நகரமாட்டேன் என்றார். "நான் முதல்ல வந்தவன், இடத்தை விட்டா பின்னாடி போயிடுவேன்." "சாச்சா, மேல போறதுலயும் நீங்களே முதல்ல போறீங்களா?" என்றாள் தாஜா. வரிசை மொத்தமும் சிரித்துக்கொண்டே நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

முதலில் தள்ளியது அவர் நின்ற இடத்தில்தான் விழுந்தது. ரம்ஸானின் கடைப்பலகை இரண்டாக உடைந்தது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்று கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் என்று சிறுகச் சிறுகக் குறைத்தேன். ஒரேயடியாகத் தள்ளப் பயமாக இருந்தது. அடியில் ஒரு கை ஆழப் பனியை விட்டு வைக்க வேண்டும் என்று தெரியும். இருந்தும் விளிம்பில் ஓர் இடத்தில் வேகமாக இறக்கிவிட்டேன், பத்துப் பன்னிரண்டு ஓடுகள் பிய்ந்துவிட்டன. அந்த இடத்தை மீந்த தகரத்தால் மூடிக் கல் வைத்திருக்கிறேன். அது என் தப்பு.

கடைசி நாள் மாலை, மேல்மாடியில் யாரும் தொடாமலே கதவு ஒரு சத்தம் போட்டுத் திறந்துகொண்டது. தாஜா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் அழாதவள்.

உங்கள் காரணம் இதுதானே? ரம்ஸானின் கடைதானே? சொல்லியிருக்கலாமே, பாய்ஜான். நான் என்ன அவ்வளவு முரடனா?

உங்கள்
சைஃபுத்தீன்


ஜம்மு,
10 பிப்ரவரி 1977

அன்பு சைஃபுத்தீன்,

உங்கள் கடிதத்தை ரெய்னா எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு என் கண்ணாடியில் ஏதோ கோளாறு.

நீங்கள் முரடன் அல்ல. நான்தான் வாயில்லாதவன். என் ஜனவரிக் கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். பிய்ந்த ஓடுகளைப் பற்றி இனிப் பேச வேண்டாம். ரம்ஸானுக்குப் புதுக் கடைப்பலகை நான் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள்.

இப்போது கூரை. வசந்தத்தில் முடிவெடுக்கலாம் என்று ஒத்திப்போட்டதன் பலனைப் பார்த்துவிட்டோம். ஆகவே இப்போதே எழுதுகிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இருவரின் விருப்பம். ரெய்னாவோடு பல மாலைகள் வாதித்தேன். முன்சரிவும் பழைய ஓட்டிலேயே இனி ஓடாது; அதற்கும் தகரம் வேண்டும். ஆனால் தெருப்பக்கம் பனி சரியக் கூடாது. ஆகவே முன்சரிவில் விளிம்புக்கு மேலே இரண்டு வரிசையாகக் குறுக்குக் கட்டைகளைப் பூட்டிப் பனியைத் தடுத்து நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் இந்தக் குளிரில் நடந்ததே மறுபடி நடக்கும்: ஒரு பக்கம் சுமை, மறு பக்கம் காலி. எனவே பின்சரிவிலும் அதே கட்டைகள் வேண்டும்.

இதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரியும். தானாகப் பனியை உதறும் கூரையை நீங்கள் ஆசையாகப் போட்டீர்கள். தாஜா கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தைத் தெருவில் நிற்பவர்களுக்காக விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனிப் பனியைக் கையால்தான் இறக்க வேண்டும். இரண்டு சரிவிலும் ஒரே அளவாக, ஒரே நேரத்தில். முகட்டுக்கு அப்பால் நிற்பவரைப் பார்க்க முடியாது. குரல் கொடுத்துக்கொண்டுதான் தள்ள வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். பின்சரிவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

முன்சரிவுக்கு ஆள் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, துறைச் செயலாளரைப் பார்த்தேன். குளிர்காலத்தில் ஸ்ரீநகர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சிலரை விட்டுவருவது வழக்கம். யாரும் விரும்பிக் கேட்பதில்லை. வரும் நவம்பரிலிருந்து அந்தச் சிலரில் என்னையும் சேர்க்கும்படி மனுக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் படித்துவிட்டு, "கயூம் சாப், தண்டனையா இது? யாரு குடுத்தாங்க?" என்றார். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கூரையில் ஒருமுறையும் ஏறியதில்லை. இதை முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை.

கயூம்


ஸ்ரீநகர்,
24 பிப்ரவரி 1977

பாய்ஜான்,

பாதை திறந்ததும் உங்கள் கடிதங்கள் மொத்தமாக வந்தன. சாவியும் வந்தது, பூட்டுத்தான் இல்லை. புதுப் பூட்டு வாங்கட்டுமா என்று தாஜாவிடம் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். நானும் வாங்கவில்லை.

கட்டைகளைப் போடுவோம், இரண்டு பக்கமும். தச்சரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் பனி வழுக்கணும்னு தகரம் போடுது, நீங்க தகரத்தைப் போட்டுட்டு அது காலைக் கட்டச் சொல்றீங்க." ரம்ஸானின் கடைக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு வரிசை போதாது, மூணு போடலாம்" என்றார். மூன்று போடலாம்.

வெட்கம் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஆசையாகப் போட்டது தாஜாவின் தலையில் ஒழுகாத கூரை, பாய்ஜான். அது கட்டை போட்டாலும் ஒழுகாது.

நீங்கள் குளிர்காலத்துக்கு இங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்று தெருவுக்குச் சொல்லிவிட்டோம். ரம்ஸான் நம்பவில்லை. "வக்கீல் சாப் கூரை மேலயா? பனியைத் தள்றதுக்கு முன்னாடி அதுக்கு நோட்டீஸ் அனுப்புவாரே!" என்கிறான். நீங்களே வந்து அவனுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். தாஜா உங்கள் அறைகளைத் திறந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஓடு பிய்ந்த இடத்தில் ஒழுகி நனைந்த மெத்தையைப் பிரித்து வெயிலுக்குப் போட்டிருக்கிறாள். பாட்டு வேறு. அவள் பாடி நான் கேட்டு வெகுநாளாகிறது.

ஏறிப் பழக்கமில்லை என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பனி இல்லாத அக்டோபரிலேயே ஏற்றிவிடுகிறேன். முதல் நாள் ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் போதும், அடுத்த நாள் இரண்டு அடி. எத்தனையோ பயந்த பையன்களை நடக்க வைத்தவன் நான். ஆனால் அலுவலக பூட்ஸோடு மட்டும் வந்துவிடாதீர்கள். தகரத்தில் கால் நிற்காது. வைக்கோல் செருப்புத்தான் வேண்டும். தாஜாவே பின்னப்போகிறாள். உங்கள் அறையில் கிடந்த பழைய செருப்பை வைத்து அளவு பார்த்தாள். இடது காலுக்கும் வலது காலுக்கும் வித்தியாசமாக இருக்கிறதாம், எதை நம்புவது என்று திட்டுகிறாள். ஒரு தாளில் நின்று இரண்டு காலையும் வரைந்து அனுப்புங்கள். ரெய்னா சாப்பைப் பென்சில் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் கோடு கோணும்.

உங்கள்
சைஃபுத்தீன்